பெயரற்ற எலும்பு

பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் வருணனை மரபுகளை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அடியிலிருந்து முடிவரை, அல்லது முடியிலிருந்து அடிவரை, ஓர் உருவத்தை உறுப்பு உறுப்பாகப் பாடிச் செல்வது. பாதத்துக்குத் தாமரை, கணைக்காலுக்கு அம்பறாத்தூணி, தொடைக்கு வாழைத்தண்டு என்று உவமைகள் வரிசையாக வரும். இடைக்கு வந்ததும் புலவர்களுக்கு ஓர் ஐயம் பிறந்துவிடும். மின்னல் என்பார்கள், நூல் என்பார்கள், கடைசியில் இடை என்ற ஒன்று உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். ஆனால் அதே தமிழில், பேறுகாலத்தில் பெண்ணுக்கு எடுப்பது வயிற்று வலி அன்று, இடுப்பு வலி. கவிதையில் இல்லாமற்போன உறுப்பு பேச்சு வழக்கில் அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு நிற்கிறது.

சில மாதங்களுக்கு முன் அயர்லாந்து நாட்டின் அரசு அறிக்கை ஒன்றை வாசிக்க நேர்ந்தது. வரலாற்றாசிரியர் ஊனா வால்ஷ் எழுதி 2014-இல் வெளியானது. 1944 தொடங்கி 1984 வரை, அந்நாட்டு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 1500 பெண்களுக்குப் பேறுகாலத்தில் இடுப்பெலும்பின் முன் இணைப்பு வெட்டப்பட்டது என்பது அதன் பொருள். வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுக்கும் முறை நன்கு தேர்ந்துவிட்ட காலத்தில் இது ஏன் நடந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. மருத்துவம் என் துறையன்று. நூல்களில் தேடிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவம் படித்த நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

எலும்புகளிலிருந்து தொடங்குகிறேன். நாம் இடுப்பில் கைவைத்து நிற்கும்போது விரல்களுக்கு அடியில் தட்டுப்படுவது இருபுறமும் விரிந்திருக்கும் இரண்டு பெரிய எலும்புகளின் விளிம்பு. பிறக்கும்போது அவை ஒவ்வொன்றும் மூன்று துண்டுகள். மேலே சிறகுபோல் விரிந்திருப்பது இலியம். உட்காரும்போது தரையில் பதிவது இஸ்கியம். முன்புறம் அடிவயிற்றின் கீழ்முனையில் இருப்பது பியூபிஸ். தமிழில் பூப்பெலும்பு என்கிறார்கள். மூன்றுக்கும் இடையில் குருத்தெலும்பு இருக்கும். பதின்பருவத்தில் அது இறுகி மூன்றும் ஒன்றாகின்றன. அவை கூடுகிற இடம் எது என்பதுதான் அழகு. தொடையெலும்பின் உருண்டைத் தலை வந்து அமர்கிற குழியில்தான் மூன்றும் சந்திக்கின்றன. பழைய ரோமானியர் உணவு மேசையில் வைக்கும் காடிக் கிண்ணத்தைப் போலிருந்ததால் அந்தக் குழிக்கு அசிட்டாபுலம், அதாவது வினிகர்க் கிண்ணம், என்று பெயர் வைத்தார்கள்.

குழிக்குக் கிண்ணத்தின் பெயர் கிடைத்தது. எலும்புக்கு எதுவும் கிடைக்கவில்லை. முழங்கால் சில்லுக்குச் சிறு தட்டு, கணைக்கால் எலும்பாகிய டிபியாவுக்குக் குழல், அதை ஒட்டிய மெல்லிய ஃபிபுலாவுக்கு ஆடையைப் பிணைக்கும் ஊசி, முதுகெலும்பின் வால்நுனிக்குக் குயிலின் அலகு என்று கண்ணில் பட்ட பொருள்களையெல்லாம் எலும்புகளுக்குப் பெயராகச் சூட்டிய அந்த மரபு, உடலின் இந்தப் பெரிய எலும்பைக் கண்டதும் வாயடைத்துவிட்டது. எதைப்போல இருக்கிறது என்று சொல்ல முடியாத வளைவுகளும் துளைகளும் கொண்டது அது. கிரேக்க மருத்துவர் கேலன் அதைப் பெயரிடாமலே விட்டார். பின்வந்தவர்கள் அந்தப் பெயரின்மையையே பெயராக்கி, இன்னாமினேட், பெயரற்றது, என்று அழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டுப் பாடநூல்கள் வரை அந்தப் பெயர் நின்றது. இடை உண்டோ இல்லையோ என்று ஐயுற்ற நம் புலவர்களை இனிமேல் நான் கேலி செய்வதாக இல்லை.

பெயரற்ற அந்த இரு எலும்புகளும் பின்புறத்தில் திரிகம் என்னும் முக்கோண எலும்பைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஐந்து முள்ளெலும்புகள் ஒட்டி உருவானது அது. முன்புறத்தில் இரண்டு பூப்பெலும்புகளும் ஒன்றையொன்று நெருங்கி வந்து, தொடாமல் நின்றுவிடுகின்றன. இடையில் நாலைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நார்க்குருத்து. இந்த முன் இணைப்புக்குச் சிம்பிசிஸ் என்று பெயர். இப்படியாக வளையம் முழுமை பெறுகிறது.

வளையம் செய்கிற வேலையைச் சொல்ல ஓட்டு வீட்டுக் கூரையைவிட நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை. தலை, தோள், கை, வயிறு ஆகியவற்றின் எடை முழுவதும் முதுகெலும்பின் வழியே இறங்கித் திரிகத்தில் வந்து சேர்கிறது. அங்கே இரண்டாகப் பிரிந்து, இரு பக்க எலும்புகளின் வழியே கிண்ணங்களுக்கும், அங்கிருந்து தொடையெலும்பு, கணைக்கால் வழியாகப் பாதத்துக்கும் போகிறது. கூரையின் இரு சரிவுகளும் கீழே விலகப் பார்ப்பதுபோல இந்த இரு எலும்புகளும் முன்புறத்தில் விலகப் பார்க்கும். விலகாமல் குறுக்கே பிடித்திருக்கும் விட்டம்தான் அந்தச் சிறிய முன் இணைப்பு. தொடைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் தசைகள் அதை ஒட்டித்தான் புறப்படுகின்றன. அதற்கு நேர் பின்னே, விரற்கடை தூரத்தில், சிறுநீர்ப்பை இருக்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடப்பது என்பது மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பதுதான். வலக்காலைத் தூக்கிய கணத்தில் இடுப்பு வலப்புறம் சரிந்துவிட வேண்டும். சரியாமல் இருப்பதற்குக் காரணம் நிற்கிற இடக்காலின் பக்கவாட்டுத் தசைகள் இழுத்துப் பிடிப்பது. அந்தப் பிடி தளர்ந்தால் நடை அசையும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895-இல் இதை விளக்கினார். நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி இடுப்பு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்க்கும் சோதனை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. (அன்னநடை என்று நாம் கொண்டாடுவதை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று வகுப்பில் ஒருமுறை கேட்டேன். மாணவிகள்தாம் முதலில் சிரித்தார்கள்.)

நடைக்கான இந்த வளையமே பிறப்புக்கான வழியாகவும் இருக்கிறது. 1974-இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த 'லூசி'யின் இடுப்பெலும்பு 32 இலட்சம் ஆண்டுப் பழமையானது. வாலில்லாக் குரங்கின் நீண்ட இடுப்பெலும்பைப் போலன்றி அது குட்டையாகவும் அகன்றும் இருக்கிறது. அவள் நிமிர்ந்து நடந்தவள். நிமிர்ந்த நடைக்காக வளையம் இறுகியது, பின்னாளில் குழந்தையின் தலையோ பெரிதாயிற்று, ஆகவேதான் மனிதப் பிறப்பு இத்தனை கடினம் என்று 1960-இல் மானுடவியலாளர் ஷெர்வுட் வாஷ்பர்ன் எழுதினார். நெடுங்காலம் இது வேதவாக்காக இருந்தது. 2012-இல் ஹாலி டன்ஸ்வொர்த்தும் உடன் ஆய்ந்தவர்களும் இதை மறுத்தார்கள்: பேற்றின் நேரத்தைத் தீர்மானிப்பது இடுப்பின் அகலமன்று, கருவுக்கு உணவூட்டத் தாயின் உடல் எந்த அளவுக்கு ஆற்றலைச் செலவிட முடியும் என்பதே. அகன்ற இடுப்பு நடைக்குத் தடை என்பதற்கும் போதிய சான்றில்லை என்றார்கள். விவாதம் இன்னும் தீரவில்லை. எனக்கு இதில் தோன்றுவது வேறு. நடை, பிறப்பு ஆகிய இரண்டையும் ஒருசேர வைத்துப் பேசியவர்கள் மானுடவியலாளர்கள்தாம். மருத்துவம் அந்த இடத்துக்கு எளிதில் வரவில்லை.

பேறுகாலத்தில் இடுப்பெலும்பு தானே திறந்துகொள்ளும் என்பது மிகப் பழைய நம்பிக்கை. வெசாலியஸ் 1543-இல் தம் உடற்கூற்றியல் பெருநூலை வெளியிட்ட பின்னரும், திறக்கும், திறக்காது என்ற வழக்கு ஓயவில்லை. 1579-இல் பாரிசில், குழந்தை பெற்ற சில நாட்களில் ஒரு பெண் தூக்கிலிடப்பட்டாள். சேவரின் பினோ அவளுடைய உடலை அறுத்துக் காட்டினார். முதிய ஆம்புரோஸ் பாரே உடனிருந்தார். பூப்பெலும்புகள் இரண்டும் விலகியிருந்தன. அதுவரை மறுத்துவந்த பாரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவளை ஏன் தூக்கிலிட்டார்கள், குழந்தை என்ன ஆயிற்று என்பதெல்லாம் உடற்கூற்றியல் வரலாற்றில் இடம்பெறுவதில்லை.

பாரே கண்டது மெய்தான். கருவுற்ற காலத்தில் ரிலாக்சின் என்னும் சுரப்பு இணைப்புகளைத் தளர்த்துகிறது. 1926-இல் ஃபிரடெரிக் ஹிசா கினிப் பன்றிகளிடம் அதைக் கண்டறிந்தார். கினிப் பன்றிக்கு இடுப்பு வெகுவாகத் திறந்துவிடும். மனுஷிக்குக் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர்.

பின்வந்தவர்கள் வளையத்தை அளக்கத் தொடங்கினார்கள். டச்சு மருத்துவர் ஹெண்ட்ரிக் ஃபான் டெவென்டர் 1701-இலும், லண்டனில் வில்லியம் ஸ்மெல்லி 1752-இலும் எழுதிய நூல்கள் இடுப்பின் உள்வாயையும் அகலத்தையும் பேற்றியலின் மையத்தில் வைத்தன. அதற்குத் தேவை இருந்தது. வெயில் படாத நகரத் தெருக்களில் ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வளைந்து வளர்ந்த சிறுமிகள் தாய்மை எய்தியபோது, அவர்களுடைய இடுப்பு வாய் தட்டையாகிக் குறுகியிருந்தது. குழந்தை வெளிவர இயலாது. வயிற்றை அறுத்தால் தாய் பெரும்பாலும் பிழைக்கமாட்டாள். கருப்பைக் காயத்தைத் தைக்கும் நல்ல முறையை மாக்ஸ் சேங்கர் வெளியிட்டது 1882-இல்தான். எஞ்சிய வழி குழந்தையின் தலையை உள்ளேயே உடைத்து எடுப்பது. அந்தக் கருவிகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். வருணிக்க மனமில்லை.

இந்த நிலையில்தான் ழான் ரெனே சிகோ என்ற மாணவர் 1768-இல் பாரிஸ் அறுவை மருத்துவக் கழகத்தின் முன் ஒரு யோசனையை வைத்தார். வயிற்றைக் கிழிப்பானேன், முன் இணைப்பை அறுத்தால் வளையம் திறந்து வழிவிடாதா? கழகம் ஏற்கவில்லை. 1777 அக்டோபர் முதல் நாள், அல்ஃபோன்ஸ் லெருவாவின் துணையோடு, அவரே அதைச் செய்தார். அந்தப் பெண் திருமதி சூஷோ, ஒரு போர்வீரரின் மனைவி. ரிக்கெட்ஸால் நான்கடிக்கும் குறைந்த உயரம். முன்பு பெற்ற நான்கு குழந்தைகளும் பிழைக்கவில்லை. ஐந்தாவது உயிரோடு பிறந்தது. தாயும் பிழைத்தாள். பாரிஸ் மருத்துவப் பீடம் சிகோவைப் பாராட்டிப் பதக்கம் வெளியிட்டது.

நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த ஒருத்தியின் கையில் உயிருள்ள குழந்தையைக் கொடுத்தவரை நான் குறை கூற மாட்டேன். அவள் சம்மதித்தாள் என்பதையும், வேறு வழி இருக்கவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. பதக்கத்தில் இடம்பெறாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். திருமதி சூஷோவுக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் கசிந்துகொண்டேயிருந்தது. நடப்பதும் எளிதாக இருக்கவில்லை. விட்டத்தை அறுத்தால் கூரைக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

பாரிஸ் இரண்டு கட்சியாயிற்று. சிசேரியன் கட்சிக்காரர், சிம்பிசிஸ் கட்சிக்காரர் என்றே பெயர் வழங்கியது. லண்டனிலிருந்து வில்லியம் ஹண்டர் 1778-இல் எதிர்த்து எழுதினார். பாரிசில் ழான் லூயி போதெலோக் இறந்தோர் உடல்களில் இணைப்பை அறுத்து அளந்து பார்த்தார். எலும்புகளை ஓர் அங்குலம் விலக்கினாலும் முன்பின் அகலத்தில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம். அதற்கு மேல் விலக்கினால் பின்புற இணைப்புகள் கிழியும். இரண்டு கட்சியும் பேசியதை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வாதம் முழுவதும் வழியைப் பற்றியதாகவே இருந்தது. எத்தனை அகலம் கிடைக்கும், தலை நுழையுமா, எத்தனை பேர் பிழைப்பார்கள்? அந்த வளையத்தின் கீழே இரண்டு கால்கள் இருக்கின்றன, அவற்றில் நின்று அந்தப் பெண் நாளைக்குத் தண்ணீர்க்குடம் தூக்க வேண்டும் என்பது வாதத்தின் ஓரத்தில்தான் வந்துபோயிற்று.

அதன்பின் இந்த அறுவை பலமுறை மறைந்து தலைகாட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நேப்பிள்ஸில் மொரிசானி, 1892-இல் பாரிசில் பினார், 1920-களில் புவெனஸ் ஐரிஸில் ஸராத்தே என்று நீளும் அந்தக் கதையை விரிக்கத் தேவையில்லை. நல்ல கருப்பைத் தையலும் நோய்க்கிருமி பற்றிய அறிவும் இரத்தம் ஏற்றும் முறையும் பென்சிலினும் அடுத்தடுத்து வந்தபின் வளம் பெற்ற நாடுகளில் அதற்கு வேலையில்லாமற் போயிற்று. அறுவை அரங்கமே இல்லாத தொலைதூர இடங்களில், தலை சிக்கிக்கொண்ட அவசர நேரத்தில் இன்றும் அது உயிர் காக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கத்தியின்மேல் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை.

*

டப்ளின் அறுவை அரங்கம் இல்லாத ஊரன்று. 1944-இல் அந்நகரின் தேசிய மகப்பேறு மருத்துவமனையில் அதன் தலைவர் அலெக்ஸ் ஸ்பெயின் இந்த அறுவையை மீட்டெடுத்தார். அவருக்குப் பின் 1949-இல் பொறுப்பேற்ற ஆர்தர் பாரி அதை இன்னும் ஊக்கத்தோடு பின்பற்றினார். மற்றச் சில மருத்துவமனைகளும் மேற்கொண்டன. துரோகடா நகரத்து மருத்துவமனை ஒன்றில் அது 1980-கள் வரை நீடித்தது.

அவர்களுடைய வாதம் இது. சிசேரியன் செய்த பெண்ணுக்கு அடுத்த பேற்றிலும் சிசேரியனே தேவைப்படும். மூன்று நான்கு முறைக்கு மேல் கருப்பைத் தழும்பு தாங்காது. அப்போது அவள் குழந்தைப்பேற்றை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். நிறுத்துவதற்கான வழிகளைக் கத்தோலிக்க அறம் ஏற்காது. நாட்டின் சட்டமும் ஏற்கவில்லை. கருத்தடைச் சாதனங்களை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் அயர்லாந்து 1935-இல் தடை செய்திருந்தது. மருத்துவர் சீட்டோடு வாங்கலாம் என்ற அளவுக்குத் தளர்த்தவே 1979-இல்தான் சட்டம் வந்தது. ஆகவே இடுப்பை நிலையாக அகலப்படுத்திவிட்டால் அவள் எத்தனை குழந்தைகளை வேண்டுமானாலும் இயல்பாகப் பெறலாம். பிரிட்டனிலிருந்து வந்த மருத்துவர்கள் டப்ளின் கூட்டங்களிலேயே கடுமையாக மறுத்தார்கள். மறுப்பு பயன்படவில்லை.

அந்த வாதத்தை மறுபடியும் படித்துப் பார்க்க வேண்டும். அதில் வருகிற பெண் ஓர் எதிர்காலப் பெண். இன்னும் கருவில் வராத ஆறாவது, ஏழாவது குழந்தைகளுக்காக இன்றைக்கு இந்தக் கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணின் எலும்பு அறுக்கப்பட்டது. எத்தனை குழந்தைகள் வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. பலரிடம் என்ன செய்யப் போகிறோம் என்றே சொல்லவில்லை. உணர்விழக்கும் மருந்து முழுமையாகக் கொடுக்கப்படாமல், விழித்திருந்த நிலையிலேயே கத்தி பட்டதைப் பின்னாளில் பல பெண்கள் சாட்சியமாகக் கூறியிருக்கிறார்கள். வெட்டியபின் மணிக்கணக்கில் நோவு தொடர்ந்ததும் உண்டு. வீடு திரும்பியவர்கள் முதுகு வலி என்றும், நடக்கையில் இடுப்பு நழுவுகிறது என்றும், சிறுநீர் நிற்கவில்லை என்றும் சொன்னபோது, பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விடை கிடைத்தது. அயலூர்க் கதையென்று இதை வாசித்துக்கொண்டு வந்தவன் அந்த விடையில் சற்று நின்றேன். எட்டுப் பிள்ளை பெற்ற என் பாட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். அவளுக்கு இடுப்பில் யாரும் கத்தி வைக்கவில்லை. ஆனால் ஏன் அப்படி நடக்கிறாய் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அயர்லாந்தின் பெண்கள் தங்களுக்கு நடந்தது இன்னதென்று அறிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. 1999-இல் ஜாக்குலின் மோரிசி என்ற வரலாற்றாய்வாளர் 'தி ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் இதைப் பற்றி எழுதினார். தம் உடலின் நாற்பதாண்டு வலிக்கு ஒரு பெயர் இருப்பதைப் பெண்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். சிம்பிசியாட்டமி. உச்சரிக்கவே நாக்குத் தடுமாறும் சொல். பாதிக்கப்பட்டோர் சங்கம் அமைத்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 1969-இல் பதினெட்டு வயதில் இதற்கு ஆளான ஒருவரின் வழக்கில் 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவருக்குக் குழந்தை சிசேரியன் மூலம் பிறந்துவிட்டது. இடுப்பு இணைப்பு அதற்குப் பிறகே வெட்டப்பட்டது. குழந்தை வெளிவந்தபின் வழியை எதற்காகத் திறந்தார்கள்? மேலே சொன்ன வாதத்தைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

2014 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, சார்பற்ற விசாரணை நடத்தும்படி அயர்லாந்தைக் கேட்டுக்கொண்டது. அரசு அவ்வாண்டு நவம்பரில் இழப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 50,000 யூரோ முதல் 150,000 யூரோ வரை. பெற்றுக்கொள்பவர் வழக்கைக் கைவிட வேண்டும். விண்ணப்பிக்கச் சில வாரங்களே தரப்பட்டன. 590 பேர் விண்ணப்பித்தார்கள். 399 பேருக்குக் கிடைத்தது. நீதிபதி மோரீன் ஹார்டிங் கிளார்க் 2016-இல் அளித்த அறிக்கையில், பெரும்பாலோர் நன்கு தேறிவிட்டனர், வாழ்நாள் ஊனம் என்ற கூற்று பலரிடத்தில் சான்றுகளால் மெய்ப்படவில்லை என்ற கருத்து இருக்கிறது. பெண்களின் அமைப்புகள் அதை வன்மையாக மறுத்தன.

நீதிபதியின் சங்கடமும் புரிகிறது. பழைய மருத்துவமனைப் பதிவேடுகள் பலருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே வயது முதிர்ந்த பெண்களின் அடிவயிற்றில் தழும்பு தேடினார்கள். எக்ஸ்ரே படங்களில் பூப்பெலும்புகளுக்கு இடையிலான இடைவெளியை அளந்து பார்த்தார்கள். வெட்டிய இணைப்பு நாரால் மூடிக்கொண்டால் படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாமல் நின்ற ஒரு காலைப்பொழுது அதில் விழாது. போதெலோக் அளந்ததும் மில்லிமீட்டர்தான், இவர்கள் அளந்ததும் மில்லிமீட்டர்தான்.

மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1960-களில் தங்களுக்குச் செய்யப்பட்ட அறுவையைப் பற்றிய முறையீடு அது. 2020 டிசம்பரில், விசாரணைக்கு ஏற்கத்தக்கதன்று என அந்நீதிமன்றம் தள்ளிவிட்டது.